பிராட்வே என்கிற பிரகாசம் சாலை

சென்னைப் பட்டணத்தில் ஒரே பெயருள்ள வீதி கிடைப்பது அபூர்வம். பலகையில் ஒரு பெயர் இருக்கும். ஜனங்களின் வாயில் வேறொரு பெயர் இருக்கும். தபால்காரர் இரண்டையும் தெரிந்துகொண்டு பேசாமல் வேலையைப் பார்ப்பார். சில வீதிகளில் பலகை ஜெயித்துவிட்டது. எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்று இன்று சொன்னால் வயதானவர்கள்தான் புரிந்துகொள்வார்கள். மற்றவர்களுக்கு அது டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. மவுண்ட் ரோடும் அண்ணா சாலையும் இன்னும் மல்லுக்கு நிற்கின்றன. எந்தப் பெயரைச் சொன்னாலும் ஆட்டோ போய்ச் சேரும். ஆனால், ஒரு வீதியில் மட்டும் பலகை படுதோல்வி அடைந்திருக்கிறது. யாரையாவது நிறுத்தி, "பிரகாசம் சாலைக்கு எப்படிப் போவது?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் ஒரு கணம் யோசித்து, "எந்த ஏரியா ஸார்?" என்பார். "பிராட்வே" என்று சொன்னால், "அதைச் சொல்லக் கூடாதா?" என்று நம்மையே கடிந்துகொள்வார்.

நான் உபாத்தியாயம் செய்யும் பள்ளிக்கூடம் அந்த வீதிக்கு இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கிறது. என் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளில் பலர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிறந்தவர்கள். சென்ற வருஷம் எட்டாம் வகுப்பில் சுதந்திரப் போராட்டப் பாடம் நடத்துகையில், "பிரகாசம் சாலைக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது?" என்று கேட்டேன். வகுப்பு மௌனமாக இருந்தது. கடைசியில் ஒரு சிறுமி எழுந்து, "அங்கே நிறைய லைட் கடை இருக்கு ஸார், ராத்திரியில் பிரகாசமாக இருக்கும்" என்றாள். வகுப்பு முழுவதும் அதை ஒப்புக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று வீடு போய்ச் சேரும் வரையில் அந்தப் பதில் மனத்தை உறுத்தவும் செய்தது. ஒரு மனிதரின் பெயரை வீதிக்கு வைத்து, அந்த வீதியில் வளரும் குழந்தைகளே அதை மின்சார விளக்கின் பெயராக எண்ணும்படி விட்டிருக்கிறோமே என்று பட்டது.

இந்த வீதியை அறியாத வெளியூர் நேயர்களுக்காகச் சொல்லுகிறேன். ஹைகோர்ட்டுக்கு எதிரே கிழக்கு மேற்காகப் போவது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை. அதிலிருந்து பிரிந்து வடக்கு நோக்கிப் போகிறது பிராட்வே. அதற்குக் கிழக்கே தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு முதலியவை. மேற்கே போனால் தங்கசாலை. ஜார்ஜ் டவுன் என்ற பழைய நகரத்தை இரண்டாக வகிர்ந்தாற்போல் இந்த வீதி கிடக்கிறது. அப்படி வகிர்ந்து கிடப்பதற்குக் காரணம் உண்டு.

ஆதியில் கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டினாற்போல் ஓர் ஊர் இருந்தது. இன்று ஹைகோர்ட் நிற்கும் இடமெல்லாம் அந்த ஊர்தான். வெள்ளைக்காரர்கள் அதற்குக் 'கறுப்பர் பட்டணம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரின் அழகைப்பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749-இல் திருப்பிக் கொடுத்தார்கள். இந்த யுத்தத்திலும், அடுத்து 1758-59-இல் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி நடத்திய முற்றுகையிலும் ஆங்கிலேயர் கற்ற பாடம், கோட்டைக்கு அருகில் வீடுகள் இருந்தால் எதிரி அவற்றில் ஒளிந்துகொண்டு சுடுவான் என்பது. ஆகையால் பழைய ஊர் தரைமட்டமாக்கப்பட்டு வெட்டவெளியாயிற்று. ஜனங்கள் வடக்கே தள்ளிப் போய்க் குடியேறினார்கள். கடற்கரைப் பக்கம் முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. இரண்டு பேட்டைகளுக்கும் நடுவில் தாழ்ந்த நிலம். அதில் ஊர்க் கழிவெல்லாம் ஓடும் ஒரு பள்ளம். அந்தப் பள்ளம்தான் நம்முடைய வீதியின் பூர்வாசிரமம்.

அந்தப் பள்ளத்தைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு போகாமல், 'இதை மேடாக்கினால் என்ன?' என்று யோசித்தவர் ஸ்டீபன் போபாம் என்பவர். 1778-ஆம் வருஷம் இந்தியாவுக்கு வந்த வக்கீல். அயர்லாந்துப் பார்லிமெண்டில் அங்கத்தினராக இருந்தவர். மனிதர் சும்மா இருக்கத் தெரியாதவர். தலை நிறைய யோசனைகள். பள்ளம் இருந்த நிலத்தை வாங்கி, தூர்த்து, இரண்டு பேட்டைகளுக்கும் இடையில் அகலமான ஒரு வீதியை உண்டாக்கினார். சந்தும் பொந்துமாக இருந்த பட்டணத்தில் அவ்வளவு அகலம் ஒரு புதுமை. ஆகவே அது 'போபாம்ஸ் பிராட்வே' ஆயிற்று. போபாமின் அகன்ற வழி என்பது பொருள்.

இந்தப் போபாம் 1782-ஆம் வருஷத்தில் கம்பெனி ஸர்க்காருக்குப் பட்டணத்தின் பரிபாலனத்தைப்பற்றி ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். அதில் அவர் சொன்ன யோசனைகளைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். ஒவ்வொரு தெருவிலும் கழிவுநீர்க் கால்வாய் வெட்ட வேண்டும். பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்ய வேண்டும். சாராயக் கடைகளுக்கும் கள்ளுக் கடைகளுக்கும் லைசென்ஸ் வேண்டும். தெருக்களுக்கு விளக்குப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தெருக்களுக்குப் பெயர் வைக்க வேண்டும்! பெயரில்லாத தெருக்களைக் கண்டு மனம் பொறுக்காத மனிதர், தம் பெயரையே ஒரு தெருவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். 1795-இல் குதிரை வண்டியிலிருந்து விழுந்து இறந்தார் என்று சரித்திரம் சொல்லுகிறது. வெள்ளைக்காரர் என்பதற்காக அவருடைய நல்ல யோசனையை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. மழைக்காலத்தில் பட்டணத்துத் தெருக்களில் முழங்கால் ஜலத்தில் நடக்கும்போதெல்லாம் 1782-ஆம் வருஷத்துக் கால்வாய்த் திட்டம் எனக்கு ஞாபகம் வருகிறது.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். இன்று பிராட்வே என்று சொல்பவர் யாரும் போபாமை நினைப்பதில்லை. தமிழ் நாக்கு 'போபாம்' என்பதை எப்போதோ துப்பிவிட்டது. எஜமானின் பெயர் உதிர்ந்துபோய், வீதியின் லட்சணம் மட்டும் மிஞ்சியது. அந்த லட்சணமும் இப்போது இல்லை. கை வண்டியும் மூன்று சக்கர வண்டியும் லாரியும் மனிதரும் நெரியும் பகல் வேளையில் அங்கே போய் நின்று, 'அகன்ற வழி' என்று ஒருவர் சொன்னால் பக்கத்திலிருப்பவர் அவரைச் சந்தேகத்துடன் பார்ப்பார். ஆகவே, பழைய பெயரை விடாமல் சொல்லும் ஜனங்களை அடிமைப் புத்தி உள்ளவர்கள் என்று திட்டும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிராட்வே என்பதில் எந்த வெள்ளைக்காரனும் குடியிருக்கவில்லை. அது வெறும் சத்தமாகிவிட்டது.

நம் ஜனங்களின் நாக்கு பெயர்களை எப்படி நடத்தும் என்பதற்கு அந்தப் பேட்டைகளிலேயே சாட்சிகள் இருக்கின்றன. பிராட்வேக்கு வெகு அருகில் ஆர்மீனியன் தெரு இருக்கிறது. ஆர்மீனிய வர்த்தகர்கள் கட்டிய மாதா கோவில் 1772-இல் புதுப்பிக்கப்பட்டு இன்னும் அங்கே நிற்கிறது. அந்தத் தெருவுக்குத் தமிழில் அரண்மனைக்காரன் தெரு என்று பெயர். அங்கே எந்த அரண்மனையும் இருந்ததில்லை. 'அர்மனி' என்று காதில் விழுந்ததை, 'அரண்மனை' என்று நம்மவர்கள் பொருளுள்ளதாக ஆக்கிக்கொண்டார்கள். தூர தேசத்திலிருந்து வந்த வியாபாரிகளுக்கு இனாமாக ராஜயோகம் கிடைத்தது. மேற்கே வால்டாக்ஸ் ரோடு இன்னும் விசித்திரம். ஹைதர் அலியின் குதிரைப் படை சென்னைக்கு அருகில் வந்து போன பிறகு, பட்டணத்தைச் சுற்றி ஒரு மதில் எழுப்பினார்கள். அதன் செலவை ஜனங்களிடம் வரியாக வாங்கக் கம்பெனியார் எண்ணினார்கள். அந்த வரி கடைசிவரை வசூலாகவே இல்லை. மதிலும் பெரும்பாலும் போய்விட்டது. இல்லாத மதிலுக்கு, கொடுக்காத வரியின் பெயர் மட்டும் நிலைத்து நிற்கிறது! அதற்கும் வ.உ.சி. சாலை என்று புதுப்பெயர் வைத்தார்கள்; கப்பலோட்டிய அந்த மகான் கூட வால்டாக்ஸை அசைக்க முடியவில்லை.

பிராட்வே என்ற பெயர் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்கு என் அபிப்பிராயத்தில் முக்கியமான காரணம் பேருந்துதான். 2002-ஆம் வருஷத்தில் கோயம்பேட்டில் புதிய நிலையம் திறக்கும் வரையில், வெளியூர்ப் பேருந்துகள் வந்து நின்றது பிராட்வேயில். நான் பட்டணத்தில் படிக்க வந்த காலத்தில், என் தகப்பனார் ஒரு தகரப் பெட்டியுடனும் ஒரு மூட்டையுடனும் என்னை அழைத்துக்கொண்டு வந்து இறங்கியதும் அங்கேதான். "பிராட்வே வந்தாயிற்று, எழுந்திரு" என்று அவர் உலுக்கி எழுப்பிய குரல் என் காதில் இருக்கிறது. வீதிப் பலகையை அண்ணாந்து பார்ப்பவர்கள் நூற்றில் ஒருவர். பேருந்தின் நெற்றிப் பலகையைப் படிக்காதவர் யார்? மூன்று தலைமுறைக் கிராமத்து ஜனங்களுக்குப் பட்டணம் ஆரம்பமாவதே பிராட்வேயில்தான். அத்தகைய பெயரை ஒரு நகரசபைத் தீர்மானத்தால் அழித்துவிட முடியாது.

அப்படியானால், பிரகாசம் என்ற பெயரைக் கைவிட்டுவிடலாமா? அதற்கும் என் மனம் சம்மதிக்கவில்லை. பட்டணத்தில் எத்தனையோ வீதிகளுக்குத் தலைவர்களின் பெயரை வைத்திருக்கிறோம். தலைவருக்கும் அந்த வீதிக்கும் யாதொரு சம்பந்தமும் இராது. இந்த வீதி அப்படிப்பட்டதல்ல.

1927-ஆம் வருஷக் கடைசியில் பிரிட்டிஷ் ஸர்க்கார், இந்தியாவுக்கு எவ்வளவு சுதந்திரம் கொடுக்கலாம் என்று விசாரிக்க ஸர் ஜான் ஸைமன் தலைமையில் ஏழு பேர் கொண்ட கமிஷனை நியமித்தார்கள். ஏழு பேரும் வெள்ளையர். ஓர் இந்தியர்கூட இல்லை. அந்த டிசம்பரில் நம் சென்னையிலேயே கூடிய காங்கிரஸ் மகாசபை, கமிஷனைப் பகிஷ்கரிப்பது என்று தீர்மானித்தது. 1928 பிப்ரவரி 3-ந் தேதி கமிஷனர்கள் பம்பாயில் வந்து இறங்கினார்கள். அன்று தேசமெங்கும் ஹர்த்தால். சென்னையில் ஹைகோர்ட்டுக்கு எதிரே, பாரி முனைப் பக்கம், பெருங்கூட்டம் கூடியது. போலீஸார் சுட்டார்கள். ஓர் இளைஞர் அந்த இடத்திலேயே விழுந்து இறந்தார். உடலைப் பார்க்க யாரும் நெருங்கக்கூடாது, நெருங்கினால் சுடுவோம் என்று போலீஸார் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அப்போது ஐம்பத்தைந்து வயதான ஒரு மனிதர் முன்னே வந்தார். சட்டையைத் திறந்து மார்பைக் காட்டி, சுடுங்கள் என்றார். துப்பாக்கிகள் வழிவிட்டன. அவர்தான் தங்குதூரி பிரகாசம். ஆந்திர கேஸரி என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிராட்வேயின் தென்முனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்த சம்பவம் இது.

அந்த மார்பு பட்டினியையும் அறிந்த மார்பு. 1872-இல் ஓங்கோலுக்கு அருகில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். சிறு வயதில் தகப்பனாரை இழந்தார். தாயார் சாப்பாட்டு விடுதி நடத்தி, வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டுப் பிள்ளையைப் படிக்க வைத்தார். வக்கீலாகி, ராஜமகேந்திரபுரத்தில் நகரசபைத் தலைவராகி, சீமைக்குப் போய்ப் பாரிஸ்டராகித் திரும்பி, சென்னை ஹைகோர்ட்டில் பணம் குவித்தார். குவித்ததை 1921-ஆம் வருஷத்திலிருந்து கொட்டத் தொடங்கினார். வக்கீல் தொழிலைத் துறந்தார். 'ஸ்வராஜ்யா' என்ற ஆங்கிலத் தினசரியைச் சென்னையில் ஆரம்பித்தார். அந்தப் பத்திரிகை அவருடைய செல்வத்தை விழுங்கியது. 1946-47-இல் சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாகவும், 1953-இல் ஆந்திர ராஜ்யத்தின் முதல் முதன்மந்திரியாகவும் இருந்தார். 1957-இல் இறந்தபோது அவரிடம் சொத்து என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. இரண்டு தடவை முதன்மந்திரியாக இருந்தவர் என்பதை நேயர்கள் மறுபடி ஒரு முறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதையெல்லாம் நான் ஆசிரியர் அறையில் ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தபோது, தமிழ் நடத்தும் நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். "அதெல்லாம் சரி ஐயா. சென்னை ஆந்திராவுக்கே சேர வேண்டும் என்று வாதாடியவரும் இதே பிரகாசம்தானே? நம் பட்டணத்தையே கேட்டவருக்கு நம் பட்டணத்தில் ஒரு சாலையா?" என்றார். கேள்வி நியாயமானது, தட்டிக்கழிக்கத் தக்கதல்ல. 1952-53-ஆம் வருஷங்களில் 'மதராஸ் மனதே' என்ற கோஷம் எழுந்தது உண்மை. மயிலாப்பூரில் ஒரு வீட்டில் உண்ணாவிரதம் இருந்து பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15-ந் தேதி உயிர் நீத்தார். மறு பக்கத்தில் ம.பொ.சி. முதலியோர் சென்னை தமிழருடையதே என்று போராடினார்கள். கடைசியில் சென்னை இல்லாமலேயே ஆந்திர ராஜ்யம் 1953 அக்டோபர் 1-ந் தேதி பிறந்தது. கர்நூல் அதன் தலைநகராயிற்று. அந்த வழக்கில் பிரகாசம் நமக்கு எதிர்க்கட்சி. அந்த வழக்கில் அவர் தோற்றதைப்பற்றித் தமிழனாகிய எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் நண்பருக்கு நான் சொன்ன பதில் இது: வீதி நினைவு வைத்திருப்பது 1953-ஐ அல்ல, 1928-ஐ. அன்று செத்துக் கிடந்தவரை அணுகுவதற்காக மார்பைத் திறந்தபோது, அவர் இது தெலுங்கர் ஊரா, தமிழர் ஊரா என்று கேட்கவில்லை. நண்பர் முழுவதும் சமாதானம் ஆகவில்லை. "பார்க்கலாம்" என்று சொல்லிக் காப்பியைக் குடித்தார். எனக்கு அதுவும் போதும். நம்மோடு சண்டையிட்டவரின் பெயரையும் பலகையில் விட்டு வைத்திருக்கும் பட்டணம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்தப் பக்கத்தில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பிரகாசமும் ராஜாஜியும் அரசியலில் பெரும்பாலும் இரண்டு துருவங்கள். 1939-இல் காங்கிரஸ் தலைமை விஷயத்தில் ராஜாஜி சுபாஷ் போஸை எதிர்த்தார். இப்போது ராஜாஜி சாலையும் பிரகாசம் சாலையும் வடக்கு நோக்கிப் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. இரண்டையும் கொண்டுவந்து சேர்ப்பது சுபாஷ் சந்திர போஸ் சாலை. காந்தியடிகளால் செய்ய முடியாத சமாதானத்தை நகரசபையின் பெயர்ப் பலகைக்காரர் செய்து முடித்தார்.

விளக்குக் கடைப் பதிலைக் கேட்ட மாதமே, ஒரு சனிக்கிழமை காலையில் பெற்றோர்களின் சம்மதம் வாங்கிக்கொண்டு, இருபது பிள்ளைகளை அந்த முனைக்கு அழைத்துச் சென்றேன். கடைகள் திறக்கும் முன்பு போய்விட்டதால் நிற்க இடம் இருந்தது. ஹைகோர்ட்டின் சிவப்பு மாடங்களைக் காட்டி, அதன் கீழே ஒரு பழைய ஊர் இருந்ததைச் சொன்னேன். பள்ளத்தைச் சொன்னேன், போபாமைச் சொன்னேன், பிறகு பிரகாசத்தைச் சொன்னேன். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் என்ன கூட்டம் என்று பார்க்க வந்தவர், துப்பாக்கிக் கதை ஆரம்பித்ததும் போகாமல் நின்றுவிட்டார். முடிந்ததும், "எங்க ஆளுங்களா ஸார் சுட்டது?" என்று மெதுவாகக் கேட்டார். "அப்போது வேறு ராஜாங்கம்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பிள்ளைகள் சாலையைக் கடப்பதற்காக இரண்டு பக்கத்திலும் வண்டிகளை நிறுத்திக் கொடுத்தார்.

திங்கட்கிழமை எல்லோரையும் ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். சிலர் போபாம் வண்டியிலிருந்து விழுந்ததை மட்டும் விஸ்தாரமாக எழுதியிருந்தார்கள். விளக்குக் கடை என்று சொன்ன சிறுமியின் கட்டுரை நன்றாக இருந்தது. சட்டையைத் திறந்து நின்றதையும், தாயார் சமைத்துப் போட்டுப் படிக்க வைத்ததையும் அவள் ஒன்றையும் விடவில்லை. மேலே கொட்டை எழுத்தில் 'பிரகாசம் சாலை' என்று தலைப்பு. அதன் கீழே முதல் வாக்கியம்: 'பிரகாசம் சாலை பிராட்வேயில் இருக்கிறது.' சிவப்பு மையை எடுத்தேன். அந்த வரியை அடிக்காமல், பத்துக்கு எட்டு மார்க் போட்டுக் கொடுத்துவிட்டேன்.